விசில் ஊதுமுன் எழுதவேண்டிய விதி

கோழிக்கோடு மாவட்ட ஜூடோப் போட்டியில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள விரும்பிய ஒரு திருநங்கை, அதற்கு வழி பிறக்காமையால் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நீதிபதி வி.ஜி. அருண் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, மூன்றாம் பாலினத்தவருக்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்பாட்டாளர்கள் அமைத்திராத பட்சத்தில், மனுதாரர் எந்தப் பாலினத்தவராகத் தம்மை உணர்கிறாரோ அந்தப் பிரிவிலேயே அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறிற்று. ஒரு மாவட்டப் போட்டியைப் பற்றிய அந்தச் சிறு உத்தரவுக்குள், இன்று உலகத்து விளையாட்டு ஸ்தாபனங்களையெல்லாம் உலுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய விவாதம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

ஜூடோ என்பது ஓட்டப்பந்தயத்தைப் போல அவரவர் தத்தம் பாதையில் ஓடிச் செல்லும் விளையாட்டன்று. எதிராளியின் அங்கியில் கழுத்துப் பட்டையையும் கைப்பகுதியையும் இறுகப் பற்றிக்கொண்டு, அவருடைய கால் எந்தக் கணத்தில் நிலை தடுமாறுகிறது என்று பார்த்திருந்து, இடுப்பில் ஏற்றியோ காலை வாரியோ முதுகு முழுதும் தரையில் அறையும்படி எறிந்துவிட்டால் அது 'இப்போன்'. அந்த ஒரே வீச்சில் ஆட்டம் முடிந்துவிடும். வீழ்ந்த பின்னும் தரையிலேயே கழுத்தை நெரித்தோ, முழங்கை மூட்டை எதிர்ப்புறமாக மடக்கியோ எதிராளியைப் பணிய வைக்கலாம். இனித் தாங்காது என்று கண்டவர் கையால் தட்டிக் காட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். இத்தகைய விளையாட்டில் பலம் பொருந்தாதவர்களை எதிரெதிரே நிறுத்துவது ஆபத்து என்பதனால்தான், சர்வதேசப் போட்டிகளில் பெண்களை 48 கிலோ முதல் 78 கிலோவுக்கு மேல் வரை ஏழு எடைப்பிரிவுகளாகவும், ஆண்களை 60 கிலோ முதல் 100 கிலோவுக்கு மேல் வரை ஏழு எடைப்பிரிவுகளாகவும் வகுத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் அநியாயம் நேர்ந்தால் ஒரு பெண்ணின் பதக்கம் போகும். ஜூடோவிலும் ரக்பியிலும் குத்துச்சண்டையிலும் கபடியிலும் அநியாயம் நேர்ந்தால் பதக்கத்தோடு முழங்காலும் போகலாம், கழுத்தும் போகலாம். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் விவாதத்தில் இறங்குகிறவர்களின் பேச்சு, எந்தப் பக்கத்துப் பேச்சாயினும், பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

நான் இதை எழுதுவது புரோத்ராபூரில் இருந்துகொண்டு. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேரை ஒட்டி, மாவட்டச் சிறைச்சாலைக்கு அருகே வளர்ந்திருக்கும் இந்தக் குடியிருப்பில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் வங்காளிகளும் தெலுங்கர்களும் ராஞ்சிக்காரர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்குள் பேச்சு ஹிந்தியில் நடக்கும், சண்டை அவரவர் தாய்மொழியில் நடக்கும், ஆனால் கபடி என்று சொன்னால் எந்த வீட்டிலும் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ரக்பியையும் ஜூடோவையும் தொலைக்காட்சியில் மட்டுமே கண்ட நம்மவருக்கு, உடலோடு உடல் மோதும் விளையாட்டு என்றால் என்ன என்பது கபடியைக் கொண்டுதான் பிரத்தியட்சமாக விளங்கும்.

பெண்கள் கபடியைக் கோட்டருகே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். ரெய்டு போகிறவள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போனஸ் கோட்டின் மேல் ஒரு காலை நீட்டுகிறாள். அந்தக் காலுக்காகவே காத்திருந்த மூலையாட்டக்காரி, தலையைத் தாழ்த்திப் பாய்ந்து இரு கைகளாலும் கணுக்காலைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். பிடிபட்டவள் நடுக்கோட்டை நோக்கித் தன் முழு எடையையும் இழுத்துக்கொண்டு விழ, கை கோத்து நின்ற மற்ற இருவர் இடுப்பிலும் தொடையிலும் வந்து மோத, அந்த ஒரு கணத்தில் நால்வருடைய பாரமும் ஒரே ஒரு முழங்காலின் மேல் இறங்குகிறது. இந்த விளையாட்டை ஒழுங்குபடுத்தியவர்கள் உடற்கூற்றின் வேற்றுமையை அறியாதவர்களல்லர். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களம். பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர். பெண்களுக்கான எடை வரம்பும் ஆண்களுடையதைவிடக் குறைவு. பெண்களைத் தாழ்த்துவதற்காக இந்தக் கோடுகளைச் சுண்ணாம்பால் போடவில்லை. சம பலமுள்ளவர்களோடு மோதி ஜெயிக்கும் பாக்கியம் அவர்களுக்கும் வாய்க்கவேண்டும் என்பதற்காகவே போட்டார்கள். 'என் பெண்ணின் மேல் வந்து விழுகிறவரின் பலம் எவ்வளவு?' என்று ஒரு தாய் கேட்பாளானால், அந்தக் கேள்வியில் துவேஷத்தைத் தேடுவது நியாயமாகாது. அது விளையாட்டின் அஸ்திவாரத்தைத் தொட்டுக் கேட்கும் கேள்வி.

ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பிறந்த வீடு விரட்டிய பின், பள்ளியை விட்டு ஓடிய பின், தம் உடலையும் மனத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளும் பிரயாசையிலேயே இளமையைச் செலவிட்ட பின், மற்றப் பெண்களைப் போலத் தாமும் ஒரு ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு களத்தில் நிற்க ஆசைப்படுகிற திருநங்கைக்கு, 'நீ யார்?' என்பதற்கு விடை சொல்லும் உரிமை அவருக்கே உரியதா, அல்லது ஊராருக்கு உரியதா என்பதே அந்தக் கேள்வி. என் அபிப்பிராயத்தில் இன்றைய சச்சரவின் பெரும்பகுதி, இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றற்கு உரிய விடையை மற்றொன்றற்குச் சொல்லிவிடுவதால் விளைவது. ஒருவர் யார் என்பது ஒரு கேள்வி; இரண்டு சரீரங்கள் மோதினால் என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி.

முதல் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் தெளிவாகவே விடை சொல்லத் தொடங்கிற்று. 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நலனுக்கென்று நாட்டிலேயே முதன்முதலாக ஒரு வாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்வது அரசியல் சாசனம் அளிக்கும் உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2015-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழிவிட, பிரித்திகா யாஷினி என்னும் திருநங்கை தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, தன் 13-ஆம் பிரிவில் விளையாட்டு என்னும் சொல்லையே எடுத்துச் சொல்லி, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் எல்லாம் திருநர்களுக்குப் பாகுபாடின்றி விளையாட்டு வாய்ப்பு அளிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. இவையெல்லாம் நெடுங்காலத்து அவமானத்துக்குச் சட்டம் செய்த பிராயச்சித்தங்கள். இவற்றில் ஓர் எழுத்தையும் பின்னுக்கு இழுப்பதை நான் சம்மதிக்கமாட்டேன். ஆயினும் காவல் நிலையத்தில் ஒருவர் பதவி ஏற்பதால் பக்கத்து நாற்காலியில் இருப்பவருடைய எலும்புக்கு ஆபத்து எதுவும் இல்லை. விளையாட்டில், அதிலும் மோதும் விளையாட்டில், இரண்டாவது கேள்வி தானாகவே எழுந்துவிடுகிறது. அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை, உடற்கூற்றில் இருக்கிறது.

பத்து வயது வரையில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஓட்டத்திலும் தாவலிலும் வித்தியாசம் மிகக் குறைவு. பருவ வயது வந்ததும் ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு பெருகுகிறது. வயது வந்த ஆணுக்கு அது இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 8 முதல் 30 நானோமோல் வரை இருக்கும். பெண்களில் பெரும்பாலோருக்கு 2-க்கும் கீழே. அந்தச் சுரப்பின் வேலையினால் எலும்பு நீள்கிறது, கனக்கிறது, தோள் விரிகிறது, தசை திரள்கிறது, இதயமும் நுரையீரலும் பெரிதாகின்றன. 100 மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலக சாதனை 9.58 விநாடி, பெண்களுடையது 10.49 விநாடி, கால்களில் காணும் வித்தியாசம் இவ்வளவுதான். மேலுடம்பின் பலத்திலோ இடைவெளி மிக அகலமானது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், குத்துவிடும் அசைவில் ஆண்கள் காட்டிய சராசரி ஆற்றல் பெண்களுடையதைவிட 162 சதவீதம் மிகுதியாக இருந்தது. பந்தயத்தில் தோள்பட்டைகள் உரசிக்கொள்வதோடு நின்றுவிடும் விளையாட்டுக்கும், முஷ்டி முகத்தில் இறங்கும் விளையாட்டுக்கும் ஒரே விதி போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். திருநங்கையர் மருந்து உட்கொண்டு அந்தச் சுரப்பை அடக்கிவிடுகிறார்களே, அதன்பின் அந்த அனுகூலம் எங்கே என்று கேட்கலாம். இதற்கு வைத்திய ஆராய்ச்சிகள் தரும் விடை ஒரே வாக்கியத்தில் அடங்குவதன்று. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூன்று நான்கு மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் தசையும் பலமும் ஓராண்டில் ஏறத்தாழ ஐந்து சதவீதமே குறைகின்றன, மூன்றாண்டுகளுக்குப் பின்னும் மிச்சம் இருக்கின்றன. நீண்டுவிட்ட எலும்போ குறுகுவதே இல்லை. அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய திருநங்கையரின் தேர்வுக் குறிப்புகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு சிகிச்சைக்குப் பின் தண்டால் எடுப்பதில் அவர்கள் மற்றப் பெண்களோடு சமமாகிவிட்டார்கள்; ஓட்டத்தில் மட்டும் 12 சதவீதம் வேகமாகவே இருந்தார்கள். இதற்கு மாறாக, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உதவியோடு நடந்து 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், திருநங்கை வீராங்கனைகளுக்குக் கைப்பிடி பலம் அதிகமாகவும், எம்பிக் குதிப்பதும் உடல் எடைக்கு ஏற்ற மூச்சு வலிமையும் மற்ற வீராங்கனைகளைவிடக் குறைவாகவும் காணப்பட்டன. பெரிய சட்டகத்தைச் சிறிய இயந்திரம் இழுக்க நேர்வதால் வரும் களைப்பு அது. இந்த ஆய்வுகளில் சிறு தொகையினரே பங்கு பெற்றிருக்கிறார்கள் என்பதையும், ஜூடோ வீராங்கனைகளையோ கபடி வீராங்கனைகளையோ நேராக வைத்து நடந்தவை அல்ல என்பதையும் வாசகர் மறக்கலாகாது. ஆனால் கைப்பிடி பலமும் எலும்பின் கனமும் உயரமும் எந்த விளையாட்டில் மிகுதியாகக் கணக்கில் வருமோ, அந்த விளையாட்டு பிடித்து இழுத்து வீழ்த்தும் விளையாட்டே என்பதையும் மறக்கலாகாது.

ரக்பியை நடத்தும் உலக ஸ்தாபனம் இந்தக் கணக்கைத்தான் போட்டது. 2020 பிப்ரவரியில் லண்டனில் வைத்தியர்களையும் சட்ட அறிஞர்களையும் திருநர் பிரதிநிதிகளையும் ஒரே சபையில் உட்காரவைத்துப் பேசிய பின், அவ்வாண்டு அக்டோபரில், ஆண் பருவத்தைக் கடந்து வந்த திருநங்கையர் பெண்களின் சர்வதேச ரக்பியில் ஆடலாகாது என்று அது விதித்தது. அவ்வாறு விதித்த முதல் சர்வதேச விளையாட்டு ஸ்தாபனம் அதுவே. அந்த விதியில் இரண்டு நுட்பங்கள் இருந்தன. பருவத்தை அடையுமுன்பே சிகிச்சை பெற்றவர்களை அது தடுக்கவில்லை. உள்ளூர் மட்டத்து ஆட்டங்களில் என்ன செய்வது என்பதை அந்தந்த நாட்டுச் சங்கங்களின் விவேகத்துக்கு விட்டது. பின்னால் மற்ற ஸ்தாபனங்களும் இந்த வழியில் இறங்கின. நீச்சல் ஸ்தாபனம் 2022 ஜூனிலும், தடகள ஸ்தாபனம் 2023 மார்ச்சிலும், கிரிக்கெட் ஸ்தாபனம் 2023 நவம்பரிலும் ஆண் பருவத்தைக் கடந்து வந்தவர்களுக்கு வரிசையாகக் கதவை அடைத்தன. 2021 நவம்பரில் ஒலிம்பிக் கமிட்டி வெளியிட்ட வழிகாட்டுதலோ, சான்று இல்லாமல் ஒருவருக்கு அனுகூலம் இருப்பதாக ஊகித்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு உரியதைத் தானே ஆராய்ந்து முடிவு செய்யட்டும் என்று சொல்லியிருந்தது. கதவை அடைப்பதற்கு வேண்டிய அவசரம், ஆராய்வதற்கு வேண்டிய பொறுமையைவிட எளிதில் கிடைத்தது போலும்.

தடைக்கு எதிராகப் பேசுகிறவர்களின் வாதத்தையும் அதன் முழு பலத்தோடு எடுத்துச் சொல்லவேண்டும். உயரமும் கை நீளமும் பிறவியிலேயே வாய்த்தவர்கள் பெண்களிலும் இருக்கிறார்கள். கூடைப்பந்தில் ஆறடி மூன்றங்குலப் பெண்ணை யாரும் வெளியே நிறுத்துவதில்லை. திருநங்கையர் கூட்டம் கூட்டமாக வந்து பெண்களின் பதக்கங்களை வாரிக்கொண்டு போகிறார்கள் என்னும் பயத்துக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் 2024 டிசம்பரில் செனட் சபையின் முன் சொன்ன கணக்கின்படி, 5,10,000 வீரர் வீராங்கனைகளில் தமக்குத் தெரிந்த திருநர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. தனிப் பிரிவு அமைத்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. நீச்சல் ஸ்தாபனம் 2023 அக்டோபரில் பெர்லின் உலகக் கோப்பையில் எல்லாப் பாலினத்தவருக்குமாக ஒரு திறந்த பிரிவை அறிவித்தபோது, அதில் சேர ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. தம்மை மற்றவர்களிடமிருந்து பிரித்து ஊருக்குக் காட்டுவதற்கென்றே இட்ட பாதையில் ஓட யாருக்குத்தான் மனம் வரும்? கேரள உத்தரவு தனிப் பிரிவை ஒரு வழியாகக் குறிப்பிட்டதல்லவா. தனியாகப் பிரிவு இருந்தாலும், அதில் எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். ஜூடோவைத் தனியாக ஆட முடியாது.

இந்தத் தீவுகளுக்குக் கிழக்கே கடலைக் கடந்தால் தாய்லாந்து. அங்கே பரின்யா சாரோன்போல் என்னும் முய் தாய் வீரர், 'நோங் தூம்' என்று நாடறிந்தவர், முகத்துக்கு அலங்காரம் செய்துகொண்டு 1998-இல் பாங்காக்கின் லும்பினி அரங்கில் ஏறி ஆண்களை வீழ்த்தியபோது ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 1999-இல் அவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பெண்ணானார். அந்தக் கணத்தோடு அந்த மேடை அவருக்கு மூடிக்கொண்டது, ஏனென்றால் பெண்ணின் கால் பட்டால் மேடைக்குத் தீட்டு என்பது அங்கே அப்போதிருந்த ஐதிகம். சில ஆண்டுகள் கழித்து அவர் பெண்களோடு மோதத் திரும்பி வந்தார். ஆணாக எண்ணப்பட்ட வரையில் கொண்டாடப்பட்டு, பெண்ணானதும் விலக்கப்பட்ட அவருடைய கதையில், நம் விவாதத்தில் அடிக்கடி பேசப்படும் நியாயம் என்பதற்குள் பழைய ஆசாரமும் எவ்வளவு கலந்திருக்கக்கூடும் என்பது தெரிகிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பற்றித் தமிழில் எழுதுவது தகாது. புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிஷம் 3.16 விநாடியில் ஓடி, கஸக்ஸ்தான் வீராங்கனையை விநாடியில் நூற்றில் சில பங்கு வித்தியாசத்தில் பின்தள்ளி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஓட்டம் முடிந்த பின் அவரைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். அந்நிய மொழி பேசும் வைத்தியர்கள் சூழ, எதற்காக இந்தப் பரிசோதனை என்று விளங்காமலே அவர் அதற்கு உட்பட்டார். ஊருக்குத் திரும்பிய சில நாட்களில், பெண் என்னும் தேர்வில் அவர் தேறவில்லை என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. பதக்கம் பறிக்கப்பட்டது. பிறந்த நாள் முதல் பெண்ணாகவே வளர்ந்த, தாம் பெண் என்பதில் ஒரு கணமும் சந்தேகம் கொள்ளாத ஒருவரை, நாடு முழுவதும் வாய்க்கு வந்த பெயர்களால் அழைத்தது. அவர் திருநங்கை அல்லர். பிறவியிலேயே உடற்கூற்றில் அமைந்த ஒரு மாறுபாடு அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது, அவ்வளவே. முதலமைச்சர் மு. கருணாநிதி, பதக்கம் போன பின்னும் அவருக்கு அறிவித்த 15 லட்சம் ரூபாயை அளித்தார் என்பது அந்த இருண்ட நாட்களில் நடந்த ஒரே மரியாதையான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். பின்னர் பரிசுப் பணத்தைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பித்தார். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்கு மீண்டும் செங்கற்சூளையில் வேலை செய்தார். அதன் பிறகே முறையான பயிற்சியாளர் படிப்பை முடித்துப் பயிற்சியாளரானார்.

சாந்திக்கு நேர்ந்தது எட்டாண்டுகளுக்குப் பின் ஒடிசாவின் த்யுதி சந்துக்கும் நேர்ந்தது. 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் புறப்பட இருந்த பதினெட்டு வயதுப் பெண்ணை, இயற்கையாகவே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் மிகுதி என்று சொல்லிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர் அடங்கிப் போகவில்லை. விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் வழக்காடி, 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்திவைக்கும்படி செய்தார். 2023 மார்ச்சில் டெல்லியில் நடந்த பெண்கள் உலகக் குத்துச்சண்டைப் போட்டியில் அல்ஜீரியாவின் இமான் கெலிஃபையும் தைவானின் லின் யூ-டிங்கையும் நடுவிலே வெளியேற்றினார்கள்; மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கெலிஃபை எதிர்த்த இத்தாலிய வீராங்கனை 46 விநாடியில் சண்டையைக் கைவிட்டதும், உலகத்தார் பாதிப் பேர் கெலிஃபைத் திருநங்கை என்று தூற்றத் தொடங்கினார்கள். பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர் அவர். இருவருமே அந்த ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார்கள். தூற்றியவர்களின் வாய் அதனால் அடங்கிவிடவில்லை.

திருநங்கையரைத் தடுப்பதற்கென்று விரிக்கும் வலையில் முதலில் அகப்படுகிறவர்கள் சாந்தியைப் போன்ற பெண்கள் என்பதை இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. 1966-இல் புடாபெஸ்டில் வைத்தியர்களின் முன் வீராங்கனைகளை ஆடையின்றி நிறுத்திப் பார்த்தார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் குரோமோசோமைப் பரிசோதித்தார்கள். அதனால் நேர்ந்த அநியாயங்களைக் கண்டு 1999-இல் ஒலிம்பிக் கமிட்டியே அந்த வழக்கத்தை நிறுத்திக்கொண்டது. இப்போது மறுபடியும், ஆண் உடலமைப்பைத் தொடங்கிவைக்கும் 'எஸ்.ஆர்.ஒய்.' என்னும் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைத் தடகள ஸ்தாபனமும் புதிய உலகக் குத்துச்சண்டை ஸ்தாபனமும் 2025-இல் கட்டாயமாக்கியிருக்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்தால் போதும் என்பதால் இது பழைய பரீட்சைகளைவிட நாகரிகமானது என்கிறார்கள். கருவி நாகரிகமானது, மெய்தான். ஆனால் அந்த மரபணு இருந்தும் உடல் அதன் ஏவலுக்குச் செவிசாய்க்காத பெண்கள் உண்டு என்பதையும், முடிவைச் சொல்லும் விதம் தோஹாவில் இருந்ததைப் போலவே இருந்தால் பஞ்சும் கத்தியாகிவிடும் என்பதையும் அந்த ஸ்தாபனங்கள் எண்ணிப் பார்த்தனவா என்பதே என் கவலை.

என் முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாட்டின் பெயரால் மோதும் உச்ச நிலைப் போட்டிகளில், குத்தும் வீழ்த்தும் விளையாட்டுகளில், ஆண் பருவத்தின் பலத்தைப் பெற்று வந்தவர்களைப் பெண்கள் பிரிவில் சேர்க்காதிருப்பது, எதிரே நிற்கும் பெண்ணின் தேகத்தைக் கருதிய நியாயம் என்று, இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு, நான் நினைக்கிறேன். நாளை மேலான சான்று வந்தால் அந்த விதி மாறவேண்டும். இந்த முடிவு திருநங்கையரின் பெண்மையைப் பற்றிய தீர்ப்பாகாது. அவர்களை நேசிக்கும் பலர் இதைக் கொடுமை என்பார்கள். அவர்களுடைய வேதனையை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் அதே நியாயத்தைப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கும், தெருவுக்குத் தெரு நடக்கும் பொங்கல் போட்டிக்கும், மாவட்டத்துச் சிறு கழகங்களுக்கும் இழுத்துக்கொண்டு வருவதை நான் ஒப்பமாட்டேன். அங்கே விளையாட்டின் நோக்கம் உடம்பைத் தேற்றுவதும், மனத்தை மலர்த்துவதும், நாலு பேரோடு சேர்ந்து மூச்சு வாங்குவதும். எடையையும் அனுபவத்தையும் பார்த்து இணை பிரித்துவிட அங்குள்ள பயிற்சியாளருக்குத் தெரியும். பதினாறு வயதுப் பையன்களிலேயே 40 கிலோக்காரனையும் 70 கிலோக்காரனையும் அவர் எதிரெதிரே விடுவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், விதியை எப்போது எழுதுகிறோம் என்பது. கோழிக்கோட்டில் ஒரு பெண் நீதிமன்றம் போக நேர்ந்ததற்குக் காரணம், ஏற்பாட்டாளர்கள் கெட்டவர்கள் என்பதன்று. அப்படி ஒருவர் வந்து விண்ணப்பிப்பார் என்று எண்ணி யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை என்பதே. சாந்தியின் விஷயத்திலோ ஓட்டம் முடிந்து, பதக்கம் கழுத்தில் விழுந்த பின் கேள்வி கேட்டார்கள். எழுதாத விதி எப்போதும் ஒரு மனிதரின் உடம்பின் மேல்தான் எழுதப்படுகிறது. ஆகவே நம் தீவுகளின் கபடிச் சங்கமானாலும், தமிழ்நாட்டின் எந்த மாவட்டச் சங்கமானாலும், அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அச்சடிக்கும்போதே சிலவற்றைத் தெளிவாகப் போட்டுவிடலாம். இந்தப் போட்டி எந்த மட்டத்துப் போட்டி, எந்த எடைக்குள் யார் யார் ஆடலாம், திருநங்கையர் எந்த நிபந்தனையின் பேரில் எந்தப் பிரிவில் ஆடலாம், ஐயம் எழுந்தால் அதை யாரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்பன அவை. வைத்தியச் சான்று வேண்டுமென்றால் அது முத்திரையிட்ட உறையில் ஒரு மருத்துவரின் கைக்கு மட்டும் போகவேண்டும். பதில் விண்ணப்பித்தவருக்கு மட்டும், பெயர்ப்பட்டியல் முடிவதற்கு முன்பே, அவருடைய மொழியிலே போய்ச் சேரவேண்டும். மேல்முறையீட்டுக்கு நாள் இருக்கவேண்டும். மைதானத்தில் கோட்டுக்கு உள்ளே வந்து நின்றுவிட்ட எவரையும், நடுவரோ எதிரணியோ பார்வையாளரோ, நீ ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்றும், கேட்ட அணி அந்த ஆட்டத்தை இழக்கும் என்றும் அதே நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும்.